தி சீக்ரெட், 8-ஆம் பாட்டு: ஒரு வரிக்கு நாலு விடை வந்தால் எதைத் தள்ளுவது?

கூழாங்கல் (கேள்வி)

பைரன் பிரைஸ் 1982-இல் வெளியிட்ட தி சீக்ரெட் புதையல் வேட்டையில் ஆழ்ந்தவர்களிடம் ஒரு கேள்வி. புதிதாக வருபவர்களுக்காகச் சுருக்கம்: வட அமெரிக்காவில் 12 இடங்களில் 12 பேழைகள் புதைக்கப்பட்டன. புத்தகத்தில் 12 படங்கள், 12 பாட்டுகள். எந்தப் படத்துக்கு எந்தப் பாட்டு என்று எங்கும் சொல்லவில்லை. சரியாகச் சேர்த்தால் படம் ஊரைக் காட்டும், பாட்டு இடத்தைக் காட்டும். இதுவரை வெளியே வந்தவை மூன்றுதான்: சிகாகோ (1983), கிளீவ்லாந்து (2004), பாஸ்டன் (2019). பிரைஸ் 2005-இல் சாலை விபத்தில் இறந்துவிட்டார், கேட்டுச் சரிபார்க்க வழியில்லை.

நான் எடுத்திருப்பது 10-ஆம் படமும் 8-ஆம் பாட்டும். ஊர் மில்வாக்கி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. படத்தில் ஆலைக்கல், கைத்தடி, சாவி மூன்றும் இருக்கின்றன: மில், வாக், கீ. பெயரைத் துண்டாக்கிப் படமாகப் போட்டிருக்கிறார்.

சிக்கல் பாட்டில். முதல் வரியிலேயே மிட்செல்லின் மூன்று "ஸ்டோரீஸ்" வருகிறது. மாடிகளா, கதைகளா? மிட்செல் கட்டடமா, மிட்செல் பூங்காவின் மூன்று கண்ணாடிக் குவிமாடங்களா, விமான நிலையத்துக்குப் பெயர் தந்த பில்லி மிட்செல்லா? அடுத்து, அங்கே வாழ்ந்த மூவர் யார்? ஹார்ப்சிகார்டைச் (பியானோ போன்ற பழைய வாத்தியம்) சத்தமின்றி வாசிக்கும் பெண் எங்கே? பிறகு 92 படி, "கிராண்ட்" (பிரம்மாண்டமான) 200, ஒரு திசைகாட்டி, பாலத்தடியில் ஒரு மதகு, அங்கிருந்து தென்கிழக்காக 100 தப்படி, பிர்ச் மரங்கள், கடைசியில் "கர்வமாக உயர்ந்து நிற்கும் ஐந்தாவது". அதன் தெற்கு அடியில் பேழை. ஒவ்வொரு வரிக்கும் மூன்று நான்கு விடை பொருந்துகிறது. பெருக்கிப் பார்த்தால் நூற்றுக்கணக்கான பாதைகள்.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். பாட்டின் வரிசைதான் நடக்கும் வரிசையா? ஒரு விடை சரி என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே எப்படி முடிவு செய்வது? 1982-இல் இளமரமாக இருந்த பிர்ச் இன்று இல்லை என்றால் கடைசி வரிகளை வைத்து என்ன செய்வது?

தெற்குவாசல்

வரிசையிலிருந்து தொடங்குவோம். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் பிறக்கின்றன.

நன்னூல் எட்டுப் பொருள்கோள், அதாவது செய்யுளின் சொற்களைச் சேர்த்துப் பொருள்கொள்ளும் முறைகள், சொல்கிறது. அதில் யாற்றுநீர் ஒன்றுதான் மேலிருந்து கீழாக ஆற்று ஓட்டம்போல் அப்படியே போவது. மற்ற ஏழும் ஏதோ ஒரு விதத்தில் மடங்கியோ மாறியோ வருபவை. புதையல் பாட்டைக் கையில் எடுப்பவர் எல்லோரும் அதை யாற்றுநீராகவே படிக்கிறார்கள்: முதல் வரி முதல் நிறுத்தம், இரண்டாம் வரி அடுத்த நிறுத்தம். கண்டுபிடிக்கப்பட்ட பாட்டுகளை எடுத்து வைத்துப் பாருங்கள், பிரைஸ் அப்படி எழுதவே இல்லை.

சிகாகோ பாட்டு (12-ஆவது). எம்-மும் பி-யும் கல்லில் பதிந்த இடம் என்கிறது. அது மிச்சிகன் அவென்யூவில் இருக்கும் ஆர்கெஸ்ட்ரா ஹால், முகப்பில் இசை மேதைகளின் பெயர்கள் பொறித்திருக்கும். காங்கிரஸுக்குத் தெரிந்த ஆர் என்பது அப்போதைய காங்கிரஸ் சாலை முனையில் இருக்கும் ரூஸ்வெல்ட் பல்கலைக்கழகம். உட்கார்ந்திருக்கும் எல், கிராண்ட் பூங்காவில் அமர்ந்த கோலத்தில் இருக்கும் லிங்கன் சிலை. பத்துக்குப் பதின்மூன்று என்பது மர வரிசைகள். கடைசியில் உறுமல், தூரிகை, இசை, மௌனம் என்று நாலு ஒலிக்குறிப்பு: ரயில், ஓவியக்கூடம், ஆர்கெஸ்ட்ரா ஹால், நூலகம். முதல் இரண்டு வரியும் கடைசி நாலு சொல்லும் ஒரே வேலையைச் செய்கின்றன. நிற்கும் இடத்தைச் சுற்றி என்னென்ன இருக்கிறது என்று சொல்கின்றன. அந்த வரிகளை எங்கே தூக்கி வைத்தாலும் பொருள் கெடாது. அடிமறிமாற்றுக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். அதில் "நடந்து போ" என்ற கட்டளையே கிடையாது.

கிளீவ்லாந்து பாட்டு (4-ஆவது) இன்னும் தெளிவு. முன்பாதியிலேயே தோண்டும் இடத்தின் கணக்கு வந்துவிடுகிறது: வலமிருந்து இடமாகப் பத்தாவது கல், மேலிருந்து ஒன்பதாவது வரிசை, சின்னச் செங்கல்லையும் சேர்த்து எண்ண வேண்டும். எந்தச் சுவர் என்பது தெரியாத நிலையில் இந்தக் கணக்கால் பயனே இல்லை. இடத்தைக் காட்டுவது கடைசியில் வரும் சாக்ரடீஸ், பிண்டார், அபெல்லிஸ் என்ற பெயர்களும் தூண்களும்தான். அவை ராக்ஃபெல்லர் பூங்காவில் இருக்கும் கிரேக்கத் தோட்டத்துக்குக் கொண்டு போகின்றன. அதாவது இறுதியைப் பிடித்து நடுவுக்கும் முதலுக்கும் திரும்ப வேண்டும். அளைமறிபாப்பு, புற்றுக்குள் தலைகீழாகத் திரும்பும் பாம்பு.

அதே பாட்டில் சாக்ரடீஸ், பிண்டார், அபெல்லிஸ் என்ற வரிக்கு அடுத்த வரி: பேச்சுரிமை, ஈரடிப் பா, பிர்ச். மெய்ஞ்ஞானிக்குப் பேச்சுரிமை, கவிஞருக்குப் பா, ஓவியருக்கு மரப்பலகை. மூன்று பெயர், அதே வரிசையில் மூன்று அடையாளம். சுத்தமான நிரல்நிறை! இந்தப் பிர்ச்சைத் தோட்டத்தில் மரமாகத் தேடினால் கிடைக்காது. 8-ஆம் பாட்டிலும் பிர்ச் வருகிறது, ஆனால் அங்கே பெயர்ப் பட்டியலோடு வரவில்லை, "முதல் இளம் பிர்ச்" என்று எண்ணிக்கையோடு வருகிறது. அது மரமேதான்.

பிறகு வரி முறியும் இடம். சிகாகோ பாட்டில் "எல் உட்கார்ந்திருக்கிறார், லெஃப்ட்" என்று வரி முடிகிறது. ஆங்கிலத்தில் "உட்கார்ந்தார், கிளம்பிவிட்டார்" என்றும் காதில் விழும். அந்த லெஃப்ட் அடுத்த வரியின் தோளோடு சேர வேண்டிய சொல்: இடத் தோளுக்கு அப்பால். வரி முறிவை நிறுத்தக்குறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாட்டை ஒருமுறை முழுக்க உரைநடையாக, வரி முறிக்காமல் எழுதிப் பாருங்கள். சொல் எங்கே போய் ஒட்டுகிறது என்று அப்போதுதான் தெரியும்.

இனி உங்கள் பாட்டுக்கு வருகிறேன். "92 படி ஏறு, அந்த கிராண்ட் 200-ஐ ஏறிய பிறகு." 92 முன்னால் எழுதியிருக்கிறது, நடப்பில் 200 முந்தியது. ஒரே வாக்கியத்துக்குள்ளேயே கொண்டுகூட்டு: இரண்டு வரிகளை முன்பின்னாக மாற்றிச் சேர்க்க வேண்டும். தமிழில் குறிப்பெடுப்பவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். தமிழில் எழுதும்போது "200-ஐ ஏறிய பின் 92 படி ஏறு" என்று நம் வாக்கியமே அதைச் சரிசெய்துவிடும். பொருள் சரியாக வந்துவிடுகிறது, ஆனால் ஆசிரியர் வரிசையை மாற்றி எழுதுபவர் என்ற தகவல் காணாமல் போய்விடுகிறது. ஸ்டோரீஸ், லெட்டர் (கடைசி வரிகளில் வருவது; கடிதம் அல்லது எழுத்து), கிராண்ட் போன்ற சொற்களையும் மொழிபெயர்த்த கணத்தில் ஒரு பொருள் செத்துவிடும். குறிப்பேட்டில் மூலச் சொல்லை அப்படியே ஒரு பத்தியில் வைத்து, எதிரே பொருள்களை அடுக்குங்கள்.

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: விடைகளை எண்ணாதீர்கள், இடங்களை எண்ணுங்கள். சிகாகோவில் பி என்பது பாக்-ஆ, பேத்தோவன்-ஆ? இரண்டு பெயரும் அந்த முகப்பில் உண்டு. எதை எடுத்தாலும் கட்டடம் ஒன்றே, ஆகவே அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வேண்டியதே இல்லை. மிட்செல்லும் அப்படித்தான். வங்கியாளர் அலெக்சாண்டர், செனட்டரான மகன் ஜான், விமானப்படைத் தளபதியான பேரன் பில்லி என்று மூன்று தலைமுறைக் கதையாக எடுக்கலாம். மிட்செல் பூங்காவின் மூன்று குவிமாடங்களாக எடுக்கலாம். எப்படி எடுத்தாலும் அந்த வரி சொல்வது "இது மில்வாக்கி" என்பதுதான். வாழ்ந்த மூவரும் அதே: ஊரை நிறுவிய ஜூனோ, கில்போர்ன், வாக்கர் மூவரையும் மில்வாக்கியில் எல்லோருக்கும் தெரியும். இந்த வரிகள் தம் வேலையை முடித்துவிட்டன. இவற்றின்மேல் இன்னும் ஒரு மாதம் செலவழிப்பதால் நீங்கள் பூங்காவுக்கு ஓர் அடிகூட நெருங்க மாட்டீர்கள். நூற்றுக்கணக்கான பாதை என்று பெருக்கியது இங்கேதான் பிசகியது. ஒரே இடத்துக்குப் போகும் நாலு விடையை நாலாகப் பெருக்கக் கூடாது, ஒன்றாகத்தான் எண்ண வேண்டும்.

நாற்கரம்

மேலே சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். வாழ்ந்த மூவர் விஷயத்தில் மட்டும் அவ்வளவு உறுதி வேண்டாம், அந்த வரியில் "காலத்தால் தூரத்தில்" என்று இருப்பதால் அருங்காட்சியகக் காட்சி எதையாவது குறிக்கவும் வாய்ப்பு உண்டு. ஹார்ப்சிகார்டு பெண் அடுத்த வரியிலேயே வருகிறாள், அவளும் சத்தமின்றி வாசிக்கிறாள் என்றால் ஓவியமோ உருவமோதான்.

கடைசி வரிகளை மட்டும் தனியாக எடுக்கிறேன். அங்கேதான் தோண்டும் இடம் இருக்கிறது, அங்கே கணக்கு துல்லியமாக இருக்கிறது.

முதல் இளம் பிர்ச்சுக்குப் போ, மூன்றைக் கட, மேற்கிலேயே இரு, ஐந்தாவதில் ஒரு நாட்டின் "லெட்டர்" தெரியும். "மூன்றைக் கட" என்பதில் முதல் மரம் சேர்த்தியா இல்லையா என்று எல்லோரும் சண்டை போடுகிறார்கள். பாட்டே தீர்ப்புச் சொல்லிவிட்டது. முதல் மரத்தைச் சேர்க்காமல் எண்ணினால் 1, பிறகு 2, 3, 4 என்று மூன்றைக் கடக்கிறோம், அடுத்து நிற்பது 5. ஐந்தாவது என்ற சொல் பொருந்திவிட்டது. சேர்த்து எண்ணினால் 1, 2, 3 கடந்து நிற்பது நாலாவதில், ஐந்தாவதுக்கு வேறு கதை தேட வேண்டும். ஒரு வரியை அடுத்த வரி சரிபார்த்துக் கொடுக்கும் இடம் இது. கிளீவ்லாந்தில் "சின்னச் செங்கல்லையும் சேர்த்து" என்று சொன்ன அதே பழக்கம்: எண்ணிக்கையில் குழப்பம் வரும் என்று தெரிந்தால் பிரைஸ் ஒரு பூட்டுப் போட்டுவிடுவார்.

இதிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. ஐந்தாவது மரம் மற்ற நாலோடு ஒரே எண்ணிக்கையில் வந்தாலும் அது "உயர்ந்தது, கர்வமானது". இளமரங்களுக்கு நடுவே ஒரு பெரிய மரம். அது பிர்ச்சாகத்தான் இருக்க வேண்டும் என்று பாட்டு சொல்லவில்லை. பிர்ச் நாலும் செத்திருந்தாலும் இந்த ஐந்தாவது வேறு வகை மரமாக இருந்தால் இன்னும் நின்றுகொண்டிருக்கலாம்.

"லெட்டர்" கடிதமா எழுத்தா? எழுத்து என்றே எடுக்கிறேன், மரத்தில் தெரிவது என்பதால். கிளைத்த தண்டு ஓர் எழுத்து வடிவில் இருக்கலாம், பட்டையில் வடு இருக்கலாம். எந்த நாட்டின் எழுத்து என்பதைப் புத்தகத்தின் முன்கதை சொல்ல வேண்டும். பழைய உலகிலிருந்து மணிக்கற்களோடு குடியேறி வந்த தேவதை இனங்களைப் பற்றிய கதை அது. பாட்டையும் படத்தையும் மட்டும் நகலெடுத்து வைத்துக்கொண்டு முன்கதையைத் தள்ளிவிட்டால் இந்த வரி திறக்காது.

இப்போது 100 தப்படி. இதை மீட்டராக்கிப் பார்க்க வேண்டும். சாதாரண நடையில் ஒரு காலடி சுமார் 75 செ.மீ., ஆக 75 மீட்டர். ஒரே கால் மறுபடி ஊன்றும் தூரத்தை ஒரு தப்படியாக எண்ணும் பழைய முறையில் அது 150 மீட்டர். பாறையும் மண்ணும் உள்ள சரிவில் அடி குறையும். குட்டையான எண்ணிக்கையையே எடுத்தாலும் 65 முதல் 85 மீட்டர் வரை விலகல் உண்டு. திசையில் 10 டிகிரி பிசகினால் 75 மீட்டரில் பக்கவாட்டில் 13 மீட்டர் தள்ளிப்போகும். இரண்டையும் சேர்த்தால் 20 மீட்டருக்கு 26 மீட்டர், கிட்டத்தட்ட 13 சென்ட் நிலம். அதை 3 அடி ஆழம் தோண்டுவது என்பது நடக்காத காரியம், எந்தப் பூங்கா நிர்வாகமும் விடவும் விடாது. ஆகவே 100 தப்படி என்பது தோண்டும் அளவு அல்ல, மரக் கூட்டம் கண்ணில் படும் வரை கொண்டு போய் விடும் அளவு. அந்த வரியை வரைபடத்தில் கோடாகப் போடாதீர்கள், விசிறியாகப் போடுங்கள். அந்த விசிறிக்குள் 1982-இல் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி.

கூழாங்கல்

மிக்க நன்றி. 200-க்குப் பிறகுதான் 92 என்பதை நான் கவனிக்கவே இல்லை, தமிழ்க் குறிப்பில் சரியான வரிசையிலேயே எழுதி வைத்திருந்தேன்.

இரண்டு துணைக் கேள்வி. "கிராண்ட்" பெயராக இருக்க முடியுமா? விஸ்கான்சின் அவென்யூவின் மேற்குப் பகுதிக்கு முன்பு கிராண்ட் அவென்யூ என்று பெயர், அதே பெயரில் ஒரு வணிக வளாகமும் வந்தது. அடுத்து, பாட்டு முழுவதையும் முதலெழுத்துக் கோத்தும் எழுத்துகளைக் கலைத்தும் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். 92, 200, 100 மூன்றையும் ஆயத்தொலைவாக மாற்றுகிறார்கள். அதில் ஏதாவது இருக்கிறதா?

ஏட்டுச்சுவடி

எழுத்துக் கோப்பதைப் பற்றி நான் சொல்கிறேன். இந்தப் பழக்கம் வேறொரு வேட்டையிலிருந்து தொற்றியது.

கிட் வில்லியம்ஸ் 1979-இல் இங்கிலாந்தில் வெளியிட்ட மாஸ்கரேடில் எழுத்து எடுக்கும் முறைதான் மொத்தப் புதிரும். 15 ஓவியங்கள், ஒவ்வொன்றைச் சுற்றியும் எழுத்துகள் பதித்த சட்டம். ஓவியத்தில் இருக்கும் உருவத்தின் இடக் கண்ணிலிருந்து இடக்கையின் நீண்ட விரல் வழியாக ஒரு கோடு இழுத்தால் அது சட்டத்தில் ஓர் எழுத்தில் போய் முட்டும். பிறகு இடக் கண்ணிலிருந்து இடக் காலின் பெருவிரல், அப்புறம் வலக் கண்ணும் வலக் கையும், வலக் கண்ணும் வலக் காலும். இப்படி ஒவ்வோர் ஓவியத்திலிருந்தும் சொற்கள் வந்தன. ஒவ்வோர் ஓவியம் தந்த சொல்லின் முதலெழுத்தையும் எடுத்துக் கோத்தால் ஆம்ப்ட்ஹில் என்ற ஊர்ப் பெயர் வந்தது. பூங்காவில் இருக்கும் கேத்தரின் நினைவுச் சிலுவையின் நிழல் சம இரவு நாள் நண்பகலில் எங்கே விழுகிறதோ அங்கே பொன் முயல்.

அங்கே அந்த முறை சரி என்று எப்படித் தெரிந்தது? வெளியே வந்தது இலக்கணம் பிசகாத வாக்கியம். தவறான விரலைப் பிடித்தால் குப்பை எழுத்துதான் வரும். முறையே தன்னைச் சரிபார்த்துக் கொண்டது. இங்கே அப்படி ஒன்று இல்லை. கண்டெடுத்த மூன்று பேழைக்கும் எழுத்துக் கலைப்போ முதலெழுத்துக் கோவையோ தேவைப்படவே இல்லை. 20 வரிக்கு மேல் இருக்கும் ஒரு பாட்டில் உள்ள எழுத்துகளைக் கலைத்தால் எந்தப் பூங்காவின் பெயரையும் வரவழைத்துவிடலாம். எதையும் தரக்கூடிய முறை எதையும் நிரூபிக்காது. சோதித்துப் பார்க்க விரும்பினால், அதே முறையைச் சிகாகோ பாட்டின் மேல் போடுங்கள். கிராண்ட் பூங்கா வராவிட்டால் முறையைத் தூக்கிப் போடுங்கள். எந்தப் புதிய முறைக்கும் இதுவே முதல் பரீட்சை.

எண்களை ஆயத்தொலைவாக்குவதும் இதே பரீட்சையில் தோற்கும். அட்சரேகை, தீர்க்கரேகையின் முழு டிகிரி எண்கள் படங்களில் ஒளிந்திருப்பதாக வேட்டைக்காரர்கள் பலர் காட்டுகிறார்கள். அதில் நியாயம் உண்டு, ஆனால் அதன் எல்லையும் தெரிய வேண்டும். அட்சரேகையில் ஒரு டிகிரி 111 கி.மீ. மில்வாக்கி இருக்கும் 43-ஆவது டிகிரியில் தீர்க்கரேகை ஒரு டிகிரி 81 கி.மீ. அந்த எண் ஊரைத்தான் காட்டும், மரத்தைக் காட்டாது.

கிராண்ட் பற்றி. வணிக வளாகம் திறந்தது 1982-இல். அதே ஆண்டு வெளிவந்த புத்தகத்துக்கான பாட்டும் படமும் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும், ஆகவே வளாகத்தை அடித்துவிடலாம். அவென்யூவின் பழைய பெயரை அடிக்க முடியாது, ஆனால் பாட்டில் "ஏறு" என்று இருக்கிறது. சாலையை யாரும் ஏறுவதில்லை. மிச்சிகன் ஏரியைப் பார்த்தபடி மேட்டில் இருக்கும் லேக் பூங்காவில் பெரிய படிக்கட்டு உண்டு, ஓடைப் பள்ளங்கள் உண்டு, அவற்றின் மேல் நடைபாலங்கள் உண்டு. படி, பாலம், பள்ளம் மூன்றும் ஒரே இடத்தில் சேர்வதால்தான் பலரும் அங்கே போகிறார்கள். நானும் அதையே முதலில் வைப்பேன். ஆனால் 92-ம் 200-ம் அங்கே ஒட்டுமொத்தமாகப் பொருந்தும்படி யாரும் காட்டி நான் பார்க்கவில்லை. "கிட்டத்தட்ட 92" என்று வரும் எண்ணிக்கையை ஏற்காதீர்கள். கிளீவ்லாந்தில் பத்தாவது கல் பத்தாவதாகவே இருந்தது. சரிசெய்தால்தான் பொருந்தும் என்றால் அது வேறு படிக்கட்டு, அல்லது படிக்கட்டே மாறியிருக்கிறது. முதலில் பூங்காவின் பழுது பார்த்த ஆவணங்களைப் பார்க்க வேண்டும்.

படத்தைப் பயன்படுத்தும் விதம் பற்றியும் ஒன்று. ஓவியர் ஜான் ஜூட் பாலன்கார், இடங்களின் புகைப்படங்களைப் பார்த்துத்தான் வரைந்தார். அதனால் படத்தின் துணி மடிப்பிலும் பாறை விளிம்பிலும் இருக்கும் சின்ன வடிவங்கள் நிஜப் பொருளின் வெளிக்கோடுகள். சிகாகோவின் வாட்டர் டவர், கிளீவ்லாந்தின் டெர்மினல் டவர் அப்படித்தான் ஒளிந்திருந்தன. ஒளிபுகும் தாளில் வெளிக்கோட்டை நகலெடுத்து, பழைய புகைப்படத்தின் மேல் வையுங்கள். கோணம் மாறிய இன்றைய தெருக்காட்சிப் படத்தின் மேல் வைத்தால் சரியான பொருளே பொருந்தாமல் போகும். பெரிதாக்கும்போது நீளத்தையும் அகலத்தையும் ஒரே விகிதத்தில் பெரிதாக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் எந்தக் கோபுரமும் எந்தக் கோபுரத்தோடும் பொருந்தும்.

மண்வாசனை

மரம் இல்லாமல் போனால் என்ன செய்வது என்ற மூன்றாவது கேள்விக்கு.

முதலில் மரத்தைப் பற்றி. வெள்ளைப் பட்டை பிர்ச் நகரப் பூங்காக்களில் நெடுநாள் நிற்பதில்லை. பிரோன்ஸ் பிர்ச் போரர் (bronze birch borer) என்ற வண்டின் புழு பட்டைக்கு அடியில் துளைத்து நீரோட்டத்தை அறுத்துவிடும். வெயிலிலும் வறட்சியிலும் தளர்ந்த மரம் உச்சியிலிருந்து பட்டுக்கொண்டே வரும். 40 ஆண்டுக்கு முன் இளமரமாக இருந்தவை இன்று அதே வரிசையில் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இன்று அங்கே நிற்கும் பிர்ச்சை எண்ணுவது இன்னும் பெரிய தவறு, அவை பிறகு நட்டவையாக இருக்கலாம். தண்டின் சுற்றளவை அளந்து வயதை மதிப்பிடாமல் எண்ணத் தொடங்காதீர்கள்.

பழைய நிலத்தைப் பார்க்க வான்வழிப் படங்கள் உண்டு. அமெரிக்க நில ஆய்வுத் துறை 1980-களில் நாடு முழுதும் எடுத்த உயரவான்படத் தொகுப்பில் கறுப்பு வெள்ளைப் படம் 1:80,000 அளவு, அகச்சிவப்பு வண்ணப் படம் 1:58,000 அளவு. இரண்டாவதை எடுங்கள். அங்குலத்துக்கு 1,000 புள்ளியில் வருடிய நகலில் ஒரு புள்ளி நிலத்தில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். 5 மீட்டர் அகலக் கவிகை கொண்ட மரம் மூன்று நான்கு புள்ளியாகத் தெரியும். இளம் பிர்ச் தெரியவே தெரியாது. அதைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் பார்க்க வேண்டியவை பாதைகள், பாலம், வெட்டவெளியின் எல்லை, தனியாக நின்ற பெரிய மரம். நாற்கரம் சொன்ன அந்த "உயர்ந்த ஐந்தாவது" தெரிந்தால் இதில்தான் தெரியும். தரையிலிருந்து எடுத்த படங்களுக்கு ஊர் நூலகத்தையும், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மில்வாக்கி வளாகத்தில் 1978 முதல் இருக்கும் அமெரிக்கன் ஜியோகிராஃபிகல் சொசைட்டி நூலகத்தையும் பாருங்கள். அங்கே வரைபடங்களும் வான்படங்களும் நிறைய உண்டு. கேட்கும்போது "புதையல்" என்று தொடங்காமல் பூங்காவின் பெயர், ஆண்டு, எந்தப் பாலம் என்று குறிப்பாகக் கேட்டால் வேலை விரைவாக நடக்கும்.

மரம் போனாலும் போகாதது மதகு. கல்லாலும் காரையாலும் கட்டிய மதகை அவ்வளவு சுலபமாக இடம் மாற்ற மாட்டார்கள். ஓடை போகும் இடம் ஒன்றுதான். ஆகவே பாட்டைப் பின்னாலிருந்து தொடங்காமல், மதகிலிருந்து தொடங்குங்கள். பாலத்தடி மதகுகளை வரைபடத்தில் குறித்து, ஒவ்வொன்றிலிருந்தும் தென்கிழக்கு விசிறியைப் போட்டு, விசிறி ஏரிக்குள்ளோ சாலையிலோ விழுந்தால் அந்த மதகை அடித்துவிடலாம். பாதிக்கு மேல் இந்த ஒரு சோதனையிலேயே கழிந்துபோகும்.

மண்ணுக்குள் என்ன நடந்திருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். விஸ்கான்சினில் வீட்டு அஸ்திவாரத்தின் அடியை 48 அங்குல ஆழத்துக்குக் கீழே போட வேண்டும் என்று விதி, உறைபனி அந்த ஆழம் வரை இறங்கலாம் என்பதால். பேழை மூன்றடிப் பக்கம்தான் இருக்கிறது. அதாவது நாற்பது குளிர்காலமாக அது உறைந்து விரியும் மண்ணுக்குள் இருக்கிறது. மண் தூக்கியிருக்கலாம், சரிவில் கொஞ்சம் நகர்ந்திருக்கலாம், வெளிப்பெட்டி விரிசல் விட்டிருக்கலாம். பெட்டி பிளெக்ஸிகிளாஸ், பேழை பீங்கான். உலோகம் தேடும் கருவி இதற்கு உதவாது, குளிர்பான மூடிகளையும் பழைய ஆணிகளையும்தான் காட்டும். மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் பீங்கான் சுக்குநூறாகிவிடும். அதனால் மேலோட்டமான முதல் இரண்டடிக்குப் பிறகு கையகலக் கரணைதான். எடுத்த மண்ணைச் சல்லடையில் சலிக்க வேண்டும், உடைந்த துண்டாக வந்தால்கூடத் தவறவிடக் கூடாது.

அனுமதி இல்லாமல் ஒரு கம்பியைக்கூட நிலத்தில் ஊன்றாதீர்கள். பொதுப் பூங்காவில் தோண்டுவது குற்றம். அதோடு கீழே மின்கம்பியும் நீர்க்குழாயும் போகும், அமெரிக்காவில் 811-ஐ அழைத்தால் குறியிட்டுத் தருவார்கள். விண்ணப்பத்தில் "எங்கோ இந்தப் பக்கம்" என்று எழுதினால் நிராகரிப்பு நிச்சயம். எந்த இடம், எத்தனை அடி நீள அகலம், எவ்வளவு ஆழம், எப்படி மூடித் தருவீர்கள் என்று எழுத வேண்டும். பூங்காவையே புதுப்பிக்கும் வேலை வருகிறதா என்றும் விசாரித்து வையுங்கள். பாஸ்டனில் பேழை வெளியே வந்தது லாங்கோன் பூங்காவைச் சீரமைத்துக்கொண்டிருந்தபோது, பேஸ்பால் திடலின் ஹோம் பிளேட் பக்கம். பாட்டில் "வீடுபோல் உணர்" என்று அவ்வளவு நேராகத்தான் இருந்தது.

கூழாங்கல்

மதகிலிருந்து தொடங்குகிறேன். லேக் பூங்காவின் நடைபாலங்கள் ஒவ்வொன்றுக்கும் 75 மீட்டருக்கு ஒன்று, 150 மீட்டருக்கு ஒன்று என்று இரண்டு விசிறி போடுவதாக இருக்கிறேன். அங்கே தென்கிழக்கு என்றால் ஏரிப் பக்கம் சரிவு, ஆகவே 150 மீட்டர் விசிறி பல இடங்களில் மேட்டைத் தாண்டிவிடும் என்று தோன்றுகிறது. 1:58,000 படத்தை வரவழைத்ததும் பாலவாரியாக இங்கேயே போடுகிறேன்.

நாற்கரம்

போடும்போது ஒன்று: விசிறியைப் பாலத்தின் நடுவிலிருந்து தொடங்காதீர்கள். பாட்டு சொல்வது மதகின் அடி. நீர் வெளியேறும் பக்கமா நுழையும் பக்கமா என்பதில் மட்டுமே பத்து இருபது மீட்டர் வித்தியாசம் வரும். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி விசிறி போட்டு, பாறை இருக்கும் பக்கம் எது என்று பாருங்கள். "பாறையும் மண்ணும்" என்ற வரி அதற்குத்தான்.